கைவேலைப் படிப்பும் எங்கள் பயமும்: சில வரலாற்றுக் குறிப்புகள்

சுவிசில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கு 'லேர' என்ற யேர்மன் சொல்லை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வேறு நாடுகளில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்லி வைக்கலாம். கட்டாயப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் பதினைந்து பதினாறு வயதில் ஒரு பிள்ளை ஒரு கொம்பனியிலோ, பட்டறையிலோ, ஆஸ்பத்திரியிலோ, ரெஸ்ரோரண்ட் குசினியிலோ ஒப்பந்தம் எழுதிச் சேருகிறது. கிழமையில் மூன்று நான்கு நாள் அங்கே வேலை பழகுகிறது. மிச்சம் ஒரு நாளோ இரண்டு நாளோ தொழிற்பள்ளிக்கூடம். மாதம் முடியச் சிறிய சம்பளமும் உண்டு. மூன்று அல்லது நான்கு வருட முடிவில் பரீட்சை எழுதி, செய்தும் காட்டினால் சமஷ்டி அரசின் பத்திரம் கையில் கிடைக்கும். இந்த நாட்டுப் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இந்த வழியால்தான் போகிறார்கள். கிம்னாசியும் போய் அங்கிருந்து பல்கலைக்கழகம் போகும் வழியில் ஐந்தில் ஒருவரளவில்தான் நடக்கிறார்கள்.

ஆனால் எங்கள் சனத்தின் வாயில் இந்தச் சொல் ஒரு மரண அறிவித்தலின் தொனியில் வருகிறது. கோயில் திருவிழாவில், பூப்புனித நீராட்டு விழா மண்டபத்தில், "மகன் இப்ப என்ன செய்யிறார்?" என்று கேட்டால், "லேர" என்று சொல்லும்போது தாயின் குரல் இறங்கிவிடும். "கிம்மி" என்றால் கேட்காமலே சொல்வார்கள். பிள்ளை நல்ல தச்சனாக வரவேண்டும் என்று ஆசைப்பட்டதை ஏதோ வருத்தம் பிடித்தது போலக் கதைத்த வீடுகளை எங்களுக்குத் தெரியும்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், யாழ்ப்பாணத்தானின் டொக்டர், இஞ்சினியர் மோகம் என்பது. புகலிடத்துச் சஞ்சிகைகளில் இதைப் பற்றிப் பகிடிக் கவிதைகளும் கோபக் கட்டுரைகளும் முப்பது வருடங்களுக்கு மேலாக வந்தபடிதான் இருக்கின்றன. அதில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதியைப் பற்றித்தான் இங்கே எழுத முயல்கிறோம். மோகம் என்று சொல்லப்படுவதற்கு அடியில் ஒரு பயம் கிடக்கிறது. அந்தப் பயம் வானத்தில் இருந்து விழவில்லை. அதற்குத் தேதிகள் உண்டு, சட்டங்கள் உண்டு, மந்திரிமார் உண்டு. கம்பஸ் படிப்பை அரைவாசியில் விட்டுவிட்டு வந்து, கோப்பை கழுவி, பிறகு கத்தி பிடித்து, இப்போது அடுப்படியில் நிற்கும் நாங்கள் இதை எழுதுவதற்கு வேறு தகுதி எதுவும் கோரவில்லை. ஏட்டால் படித்ததும் கையால் படித்ததும் இரண்டும் எங்களிடம் குறையாகத்தான் இருக்கின்றன. அதனால் இரண்டுக்கும் நடுவில் நின்று பார்க்க முடிகிறது.

முதலில் மானிப்பாய்க்குப் போவோம்.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற வைத்தியர் 1847இல், இருபத்தைந்து வயதளவில், யாழ்ப்பாணத்துக்கு வந்தார். அப்போது வட்டுக்கோட்டைச் செமினறி உச்சத்தில் இருந்தது. 1823இல் தொடங்கிய அந்தச் செமினறியில் ஆங்கிலம், கணிதம், வானியல், தமிழ், சமஸ்கிருதம் எல்லாம் படிப்பித்தார்கள். பிற்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்களே. ஆனால் 1855இல் மிஷனே அதை மூடிவிட்டது. அமெரிக்காவில் இருந்து வந்து பார்த்த மேலிடத்தார் கண்ட குறை இதுதான்: பொடியள் ஆங்கிலம் படிக்கிறார்கள், படித்து முடித்ததும் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள், ஊருக்கும் இல்லை, மிஷனுக்கும் இல்லை. அதாவது 170 வருடங்களுக்கு முன்னரே எங்கள் ஆட்களுக்குப் படிப்பு என்றால் ஊரைவிட்டு வெளிக்கிடும் பாதை என்று ஆகியிருந்தது.

கிறீன் 1848இல் மானிப்பாயில் ஒரு சிறிய வைத்திய வகுப்பைத் தொடங்கினார். முதலில் மூன்று பேர்தான். ஆஸ்பத்திரியும் மருந்துச்சாலையும்தான் வகுப்பறை. நோயாளியின் பக்கத்தில் நின்றார்கள், புண் கழுவினார்கள், மருந்து கலந்தார்கள், சத்திரசிகிச்சையின்போது கைகொடுத்தார்கள். யாழ்ப்பாண நகரில் 1850இல் தொடங்கிய பொது ஆஸ்பத்திரியிலும் கிறீனின் பொறுப்பு இருந்ததால் மாணவர்கள் அங்கேயும் போய்வந்தார்கள். கொள்ளை நோய்க்குக் குறைவில்லாத காலம் அது. வாந்திபேதி பரவும்போது பாடம் தானாகவே நடந்திருக்கும்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். சீழும் இரத்தமும் தொடுகிற வேலை அக்காலத்தில் எங்கள் ஊரில் எந்தச் சாதியாரின் தலையில் கட்டப்பட்டிருந்தது என்பது வாசகர்களுக்குத் தெரியும். பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவிச்சியை வீட்டின் எந்தப் பக்கத்தால் கூப்பிட்டார்கள் என்பதும் தெரியும். அதே புண்ணை அதே மாதிரிக் கையால் கழுவிய கிறீனின் மாணவர்களை ஊர் 'டொக்டர்' என்று கும்பிட்டது. செய்த வேலை ஒன்றுதான். ஆனால் ஒரு கைக்குப் பின்னால் ஒரு புத்தகமும் ஒரு பட்டமும் இருந்தன. மற்றக் கைக்குப் பின்னால் பிறப்பு மட்டும் இருந்தது. கைவேலையை எங்கள் சமூகம் வெறுத்தது என்று பொதுவாகச் சொல்வது சரியில்லை. எந்தக் கைவேலைக்குப் பின்னால் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று பார்த்துத்தான் வெறுத்தது, மதித்தது.

கிறீனின் கதையில் எங்களை ஆகக் கவர்ந்த பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. ஆங்கிலத்தில் வைத்தியம் படித்தவர்கள் நல்ல சம்பளத்துக்கு அரச சேவைக்குப் போய்விடுவதை அவரும் கண்டார். இடையில் அமெரிக்கா போய் 1862இல் திரும்பி வந்தபோது ஒரு முடிவோடு வந்தார்: இனி வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பிப்பது. 1864இல் தமிழ் வகுப்பு தொடங்கியது. படிப்பிப்பதற்குப் புத்தகம் வேண்டுமே. டான்வர்த், சப்மன் முதலிய தன்னுடைய மாணவர்களோடு சேர்ந்து அவர் மொழிபெயர்ப்பில் இறங்கினார். (மிஷனில் சேர்ந்த பிள்ளைகளுக்கு அமெரிக்கப் பெயர்கள் வைத்த காலம், இவர்கள் ஊர்ப் பிள்ளைகள்தான்.) 1867இல் 'இரணவைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்', அதே ஆண்டில் 'வைத்தியாகரம்', 1875இல் 'கெமிஸ்தம்', 1883இல் 'மனுஷ சுகரணம்' என்று வரிசையாக வந்தன. அங்காதிபாதம் என்றால் உடற்கூற்றியல். சுகரணம் என்றால் உடற்றொழிலியல். இரசாயனம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டிராமல் கெமிஸ்தம் என்று ஒரு சொல்லையே ஆக்கினார்கள். இன்றைக்குக் கேட்கச் சிரிப்பு வரலாம். சிரிக்கிறவர்கள், மேசையில் ஒரு நோயாளியைக் கிடத்திவிட்டு அடுத்த நிமிடம் சொல்லவேண்டிய சொல்லைத் தேடிப்பார்க்கவேண்டும். அந்தச் சொற்கள் பண்டிதர் கழகத்தில் பிறந்தவை அல்ல, வேலைத்தலத்தில் பிறந்தவை.

அவர் மொத்தமாக அறுபதுக்கு மேற்பட்டவர்களை வைத்தியராக்கினார். அவர்களில் 33 பேர் தமிழில் படித்தவர்கள். தன் மாணவர்கள் தொப்பியும் காற்சட்டையும் போட்டு வெள்ளைக்காரராக மாறுவதை அவர் விரும்பவில்லை. வேட்டியோடு ஊரிலேயே நின்று வைத்தியம் பார்க்கவேண்டும் என்றுதான் நினைத்தார். அவர் மதம் பரப்ப வந்தவர் என்பதை மறைக்கவேண்டியதில்லை. அமெரிக்காவில் அவருடைய கல்லறையிலேயே தமிழருக்கு வந்த மருத்துவ ஊழியர் என்ற கருத்தில்தான் எழுதியிருக்கிறது. ஆனால் படிப்பிக்கும் முறையைப் பொறுத்தவரை, ஊரின் நோய், ஊரின் மொழி, ஊரின் நோயாளி ஆகிய மூன்றையும் வைத்து ஒரு முழு விஞ்ஞானக் கல்வியை நடத்தமுடியும் என்று செய்து காட்டியவர் அவர்.

பிறகு என்ன நடந்தது? 1870இல் கொழும்பில் வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்கியது. கிறீன் 1873இல் நாடு திரும்பினார். தமிழ் வகுப்பு அதன்பின் நெடுநாள் நிலைக்கவில்லை. புத்தகங்கள் இருந்தன, ஆஸ்பத்திரி இருந்தது, படிப்பித்தவர்களின் மாணவர்கள் இருந்தார்கள். அரசாங்கத்தின் கதவு ஆங்கிலத்துக்கு மட்டும் திறந்தபோது சனம் அந்தக் கதவுக்குப் போனது. அதைக் குற்றம் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பின் வந்த எழுபது எண்பது வருடத்தை வேகமாகக் கடந்துவிடலாம். தண்ணீரும் மண்ணும் குறைந்த குடாநாட்டில் இருந்து பொடியள் கிளறிக்கல் உத்தியோகத்துக்குக் கொழும்புக்கும் மலாயாவுக்கும் போனார்கள், மணியோடர் வந்தது, கல்வீடு எழும்பியது. கைவேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்கோ பள்ளிக்கூட வாங்கிலே இருப்பதற்கே போராடவேண்டியிருந்தது. 1930ஐ ஒட்டிய வருடங்களில் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்ற உத்தரவு வந்தபோது அதை எதிர்த்துச் சில பள்ளிக்கூடங்கள் கொளுத்தப்பட்டன. நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளை வாங்கில் ஏறியதும் அதனிடம் போய், "மகனே, ஏடு வேண்டாம், கைத்தொழில்தான் உயர்ந்தது" என்று யாராவது உபதேசித்தால் அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்?

அப்படி உபதேசித்தவர்கள் இருந்தார்கள். காந்தி 1937இல் வார்தாவில் ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது, நூல் நூற்பதன் ஊடாகவே கணக்கும் சரித்திரமும் படிக்கலாம் என்ற நல்ல எண்ணம் அதில் இருந்தது. ஆனால் 1953இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி செய்தது வேறு. கிராமத்து ஆரம்பப் பாடசாலை நேரத்தை நாளுக்கு மூன்று மணித்தியாலமாகக் குறைத்தார். மிச்ச நேரத்தில் பிள்ளை வீட்டில் தகப்பனின் தொழிலைப் பழகலாம் என்றார். தகப்பன் சலவை செய்பவர் என்றால் பிள்ளை துணி வெளுக்கவேண்டும். இதற்குப் பெரியாரும் மற்றவர்களும் 'குலக்கல்வி' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரே திட்டத்தைக் கொன்றுவிட்டது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். செய்து பழகுதல், வாழ்க்கையோடு ஒட்டிய படிப்பு என்ற அழகான சொற்களுக்குப் பின்னால், உன் இடத்திலேயே நில் என்ற கட்டளையும் ஒளிந்திருக்கலாம் என்பதைத் தமிழர் அப்போது கண்டுகொண்டார்கள்.

இலங்கையில் இதே கேள்வி 1972இல் வந்தது. இதைப் பற்றி எங்கள் சனம் இன்றைக்கும் கதைப்பது குறைவு. தரப்படுத்தலைப் பற்றிக் கதைப்பார்கள். அதே மந்திரி, அதே காலத்தில் கொண்டுவந்த மற்ற விடயத்தை மறந்துவிடுவார்கள்.

1971 ஏப்பிரல் கிளர்ச்சியில் துவக்கு எடுத்தவர்கள் பெரும்பாலும் படித்த, வேலையில்லாத, கிராமத்துச் சிங்கள இளைஞர்கள். கொப்பியும் பேனையும் மட்டும் கொடுத்தால் பிள்ளைகள் உத்தியோகம் கேட்பார்கள், உத்தியோகம் இல்லாவிட்டால் கிளர்ந்தெழுவார்கள் என்ற பயம் அரசாங்கத்தைப் பிடித்தது. அதே வருடம் சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் குழு ஒன்றும் வந்து, படித்தவர்களின் எதிர்பார்ப்புக்கும் நாட்டில் இருக்கும் வேலைக்கும் பொருத்தமில்லை என்று அறிக்கை எழுதியது. பதியுதீன் மஹ்மூத் கல்வி மந்திரி. 1972இல் புதிய திட்டம் தொடங்கியது. ஆறாம் வகுப்பில் இருந்து ஒன்பதாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பாடத்திட்டம். எல்லாருக்கும் கணிதம், எல்லாருக்கும் விஞ்ஞானம். விஞ்ஞானம் என்ற சொல்லையே கேட்டிராத கிராமத்துப் பள்ளிக்கூடங்கள் எத்தனையோ இருந்த நாட்டில் இது சின்ன விடயம் அல்ல. அதோடு சேர்ந்து தொழில் முன்னிலைப் பாடம். அந்தந்த ஊரில் இருக்கும் தொழிலை அந்தந்தப் பள்ளிக்கூடம் எடுத்துப் படிப்பிக்கவேண்டும். மீன்பிடி, மட்பாண்டம், நெசவு, தச்சு, விவசாயம் என்று அது போனது. பழைய சாதாரண தரத்துக்குப் பதிலாகத் தேசிய கல்விப் பொதுத் தராதரப் பத்திரம் என்ற பரீட்சை 1975இல் முதன்முதலாக நடந்தது.

கடதாசியில் பார்த்தால் எவ்வளவு நல்ல திட்டம்! எங்கள் அம்மாமாரும் அப்பாமாரும் அந்தப் பாடத்தைப் படித்த தலைமுறை. அவர்கள் சொல்லக் கேட்டதை எழுதுகிறோம். ஒரு கரையோரப் பள்ளிக்கூடத்தில் மீன்பிடியைப் பாடமாக எடுத்தார்கள். படிப்பிக்க வந்த வாத்தியார் உள்ளூர்த் தோட்டக்காணிப் பக்கத்து ஆள். கடலில் கால் வைத்தது குளிக்கத்தான். அவர் கரும்பலகையில் வள்ளம் கீறி, வலைகளின் பெயர்களை எழுதிப்போட, விடியப்புறம் தகப்பனோடு வலை இழுத்துவிட்டு வந்த பொடியள் அதைப் பார்த்துக் கொப்பியில் எழுதினார்கள். வாத்தியார் ஒரு வலையின் பெயரைப் பிழையாக எழுதியதைக் கண்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். அந்த ஊரின் மூத்த சம்மாட்டியாரைக் கூப்பிட்டு வகுப்பெடுக்க வைத்திருக்கலாமே என்று கேட்டோம். "அவருக்குச் சேர்ட்டிபிக்கற் இல்லையே" என்றார்கள். கையால் அறிந்தவருக்குப் பத்திரம் இல்லை; பத்திரம் உள்ளவருக்குக் கை இல்லை. செய்து பழகுவதற்காக வந்த பாடமும் கடைசியில் கொப்பிக்குள்ளேதான் போய் முடிந்தது.

இன்னொரு விசித்திரம். 1970இல் வந்த அரசாங்கம் வெங்காயம், செத்தல் மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்குக் காசு கொட்டியது. தண்ணீர் இறைக்கும் மெசின் வாங்கினார்கள். எந்தக் கிருமிக்கு எந்த மருந்து, எந்த மாதம் நட்டால் எந்த மாதம் விலை ஏறும் என்று பதினாறு வயதுப் பொடியள் தோட்டத்தில் நின்று படித்தார்கள். அது உண்மையான தொழிற்கல்வி. உடனடியாகக் கையில் காசு தந்த கல்வி. அதே பொடியள் பள்ளிக்கூடத்தில் விவசாயத்தைப் பாடமாகப் படிக்கமாட்டோம் என்று நின்றார்கள். அவர்களுக்குத் தோட்டம் பிடிக்காமல் இல்லை. பள்ளிக்கூடம் தோட்டத்துக்குள் போவதற்கான வழி அல்ல, தோட்டத்தில் இருந்து வெளியே போவதற்கான ஒரே ஒரு வழி என்று அவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். பிலிப் பொஸ்ரர் என்பவர் கானா நாட்டுப் பாடசாலைகளைப் பார்த்துவிட்டு 1965இல் இதையேதான் எழுதினார்: சம்பளமும் மதிப்பும் மேசை வேலையில் இருக்கும்வரை, தொழிற்பாடத்தை எவ்வளவு திணித்தாலும் பெற்றோர் அதை ஏற்கமாட்டார்கள், அது அறியாமை அல்ல, சரியான கணக்கு.

தமிழருக்கு அந்தக் கணக்கில் இன்னுமொரு வரி இருந்தது. 1970-71இல் பேராதனையில் பொறியியல் படிக்கச் சிங்கள மொழிமூல மாணவனுக்கு 227 புள்ளி போதும், தமிழ் மொழிமூல மாணவனுக்கு 250 வேண்டும் என்று வைத்தார்கள். பிறகு மொழிவாரித் தரப்படுத்தல், அதன் பிறகு மாவட்டக் கோட்டா. ஒரு கையால் பல்கலைக்கழகக் கதவைச் சாத்திக்கொண்டே மற்றக் கையால் மண்வெட்டியை நீட்டினால் அதை யார் கல்வி என்று வாங்குவார்கள்? மாவட்டக் கோட்டாவால் வன்னியிலும் மட்டக்களப்பிலும் இருந்த பின்தங்கிய பள்ளிக்கூடங்களின் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வழி திறந்தது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். யாழ்ப்பாண நகரத்துக் கல்லூரிகள் அதைச் சொல்வதில்லை. ஆனால் தொழில் முன்னிலைப் பாடத்தின் தலைவிதி அந்தச் சந்தேகத்திலேயே முடிந்துவிட்டது. 1977இல் ஆட்சி மாறியது. பழைய சாதாரண தரமும் உயர்தரமும் திரும்பி வந்தன. தொழில் முன்னிலைப் பாடம் போய்விட்டது. தெற்கிலும் அதற்காக யாரும் அழுததாகத் தெரியவில்லை. கொழும்பின் பெரிய பள்ளிக்கூடங்களின் பெற்றோரும் அதை விரும்பியிருக்கவில்லை.

கைவேலையைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க முடியாமற்போன அதே ஊரில், பதின்மூன்று வருடம் கழித்து எல்லாரும் கைவேலை படித்தோம். 1990க்குப் பின் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, மின்சாரம் இல்லை, சவர்க்காரம் இல்லை. சில துளி பெற்றோலைக் காட்டி ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்டார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, எண்ணெய் அதிகம் குடிக்காத ஒரு விளக்கைக் கண்டுபிடித்தார்கள். அந்த விளக்கில்தான் எங்கள் அண்ணன்மாரும் அக்காமாரும் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தார்கள். 2006 ஓகஸ்ற்றில் பாதை மூடப்பட்டபோது எங்களுக்கும் அந்த விளக்கு வாய்த்தது. விளக்கின் அடியில் இருந்து பெளதிகவியல் புத்தகத்தில் வெப்பமும் தகனமும் மனப்பாடம் செய்தோம். அந்த விளக்கு ஏன் குறைந்த எண்ணெயில் எரிகிறது என்று ஒரு வாத்தியாரும் வகுப்பில் கேட்கவில்லை, பரீட்சைத் தாளிலும் அது வரவில்லை.

இப்போது சுவிசுக்கு வருவோம். இந்தப் பயத்தை நாங்கள் பெட்டியில் வைத்துத்தான் இங்கே கொண்டுவந்தோம்.

இங்கேயும் கைவேலைக்கு ஒரு இருண்ட பக்கம் உண்டு. கை, மனம், தலை மூன்றும் சேர்ந்த கல்வி என்று உலகத்துக்குச் சொன்ன பெஸ்ரலோட்சி இந்த நாட்டுக்காரர். அவர் 1774இல் ஆர்காவ் பகுதியில் தன்னுடைய பண்ணையில் ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்து, நூல் நூற்கவும் நெய்யவும் வைத்து, அந்த வருமானத்திலேயே படிப்பிக்கப் பார்த்தார். 1780இல் கடன்பட்டு மூடினார். பிள்ளையின் உழைப்பில் பள்ளிக்கூடம் நடத்தினால், பள்ளிக்கூடம் எங்கே முடிகிறது, வேலைவாங்கல் எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்கு அவரிடமும் விடை இருக்கவில்லை. அவருடைய நாட்டிலேயே இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஏழைகளின் பிள்ளைகளையும் மணமாகாத தாய்மாரின் பிள்ளைகளையும் பறித்துப் பண்ணைகளுக்கு வேலைக்குக் கொடுத்தார்கள். வேலை செய்து நல்ல பழக்கம் படிக்கட்டும் என்பதுதான் அதற்கும் சொல்லப்பட்ட நியாயம். 2013 ஏப்பிரலில் பேர்ன் நகரில் சமஷ்டி அரசு அவர்களிடம் மன்னிப்புக் கேட்டது. 2017 முதல் அமுலுக்கு வந்த சட்டத்தின்படி பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 25,000 பிராங்க் கொடுக்கப்பட்டது. எங்களோடு ஒரே குசினியில் வேலை செய்த ஒரு முதிய சுவிஸ்காரர் அப்படிப் பண்ணையில் வளர்ந்தவர். பால் கறப்பது எப்படி என்று நன்றாகப் படித்தேன், வாசிக்கத்தான் பிந்திவிட்டது என்பார்.

ஆனால் லேர என்பது அதுவல்ல. 1930இல் இயற்றப்பட்ட சமஷ்டிச் சட்டத்தோடு அது ஒழுங்குக்கு வந்தது. என்ன பழக்கவேண்டும், எத்தனை நாள் பள்ளிக்கூடம், யார் பழக்கலாம் என்பதெல்லாம் எழுத்தில் உண்டு. பழக்குகிறவருக்கும் பத்திரம் வேண்டும். அந்தக் கரையோரப் பள்ளிக்கூடத்தில் நடந்ததற்கு நேர் எதிர் இது. இங்கே சம்மாட்டியாரைக் கூப்பிட்டு, படிப்பிக்கிற முறையையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்து, பத்திரமும் கொடுத்து, வாத்தியாராக்கிவிட்டார்கள். அதைவிட முக்கியமானது, 1990களின் நடுப்பகுதியில் இருந்து லேரயோடு சேர்த்தோ அதற்குப் பிறகோ தொழில்சார் மத்தூர எடுத்து உயர் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போகலாம். இன்னுமொரு பரீட்சை எழுதினால் பல்கலைக்கழகத்துக்கும் போகலாம். தச்சனாகப் பழகியவர் கட்டடக் கலைஞர் ஆகலாம். ராஜாஜியின் திட்டத்தில் அப்படி மேலே ஏறும் படி இருக்கவில்லை. 1972இன் திட்டத்தில் அது தமிழருக்குக் கண்ணில் தெரியவில்லை.

அதற்காகப் பெற்றோரின் சந்தேகம் முழுவதும் பொய் என்று சொல்லமாட்டோம். வெளிநாட்டுப் பெயருள்ள பிள்ளையைப் பதினொரு பன்னிரண்டு வயதிலேயே, இவருக்கு இது போதும் என்று கீழ்ப்பிரிவுக்குத் தள்ளிவிடும் வாத்திமாரைப் பற்றிக் கேள்விப்படுகிறோம். விண்ணப்பத்தில் பெயரைப் பார்த்தே ஒதுக்கும் முதலாளிமார் உண்டு. ஆகவே ஒரு தமிழ்த் தகப்பன் வாத்தியாருக்கு முன்னால் இருந்து கேட்கவேண்டிய கேள்வி, லேரயா கிம்மியா என்பது அல்ல. என் பிள்ளையோடு அதே புள்ளி எடுத்த சுவிஸ் பிள்ளைக்கும் இதையேதான் சொன்னீர்களா? இந்த லேர முடிந்த பின் என்ன கதவு திறக்கும்? இந்த இரண்டையும் மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போயாவது கேட்கவேண்டும்.

பிள்ளைகளைப் பற்றி இவ்வளவு கதைக்கிற நாங்கள் எங்களைப் பற்றியும் ஒரு விடயம் சொல்லவேண்டும். 1980களில் வந்த எங்கள் மூத்தவர்கள் பெரும்பாலும் குசினிகளில்தான் வேலை எடுத்தார்கள். கோப்பை கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, சலாட் போட்டு, பத்துப் பன்னிரண்டு வருடத்தில் முழுக் குசினியையும் தனியே நடத்தினார்கள். சம்பளச் சீட்டில் கடைசிவரை உதவியாளர். பழகாத ஆளுக்கும் பத்திரம் உள்ள ஆளுக்கும் மாதத்துக்குப் பல நூறு பிராங்க் வித்தியாசம். அவர்களிடம் படித்த சுவிஸ் லேர்லிங்மார் பத்திரம் எடுத்துக்கொண்டு அவர்களுக்கே மேலாளராக வந்ததை நாங்கள் கண்டிருக்கிறோம். சுவிசின் தொழிற்கல்வி ஒழுங்குவிதியில் 32ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. குறைந்தது ஐந்து வருடத் தொழில் அனுபவம் உள்ள வளர்ந்தவர், லேர செய்யாமலே, அதே இறுதிப் பரீட்சைக்குத் தோற்றலாம். அந்தந்தத் தொழிலுக்கு எத்தனை வருடம் என்பதைத் தொழில் ஒழுங்கு சொல்லும். விண்ணப்பத்தை மாநிலக் கந்தோருக்குக் கொடுக்கவேண்டும். முப்பது வருடம் குசினியில் நின்ற மூத்தவர்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

இப்போது நாங்கள் ஐந்து பேர் அந்தப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்கிறோம். திங்கட்கிழமை ரெஸ்ரோரண்ட் பூட்டு என்பதால் பின்னேரங்களில் கூடுகிறோம். செய்து காட்டும் பகுதி பயமில்லை. எழுத்துப் பகுதியின் யேர்மன்தான் கழுத்தைப் பிடிக்கிறது. அதற்காக ஒரு சொல் அட்டவணை தயாரித்தோம். யேர்மனில் ஒரு பக்கம், தமிழில் ஒரு பக்கம். கிறீனின் ஆட்கள் பட்ட பாடு இப்போது கொஞ்சம் விளங்குகிறது. அவிப்பது, பொரிப்பது, வாட்டுவது எல்லாம் இலேசாக முடிந்தன. 'டுன்ஸ்ரன்' என்பதற்கு வதக்கலா புழுக்கலா என்று ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டை. 'ஷ்மோரன்' என்பதற்குப் பிரட்டல் என்று போட்டோம்; இருவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. இறைச்சியை 65 பாகையில் சூடாக வைத்திருப்பது ஏன், குளிர்ப்பெட்டியில் 5 பாகை ஏன் என்பதற்கு உயர்தரத்தில் படித்த உயிரியல் உதவியது. கடைசியில் 340 சொல் வந்தன. தாளித்தல் என்பதற்கு மட்டும் அவர்களுடைய புத்தகத்தில் சொல் இல்லை. அந்த இடத்தைத் தமிழில் மட்டும் எழுதி விட்டிருக்கிறோம்.

பிரதி தேவையானவர்கள் சஞ்சிகையின் முகவரிக்கு எழுதினால், தபாற்செலவு மட்டும் எடுத்துக்கொண்டு அனுப்பி வைப்போம்.